வாய்க்கால் றோட்டில் ஒரு ஜேர்மன் நகரம்

அலுவலகத்துக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது என் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. நடத்துநர்தான் படியில் நின்று, “அக்கா, ஒரு செருப்பை எங்களுக்கு விட்டிட்டுப் போறியளோ?” என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேரம் காலை 8.10. அன்றைய நாட்குறிப்பில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் படியேற முடியவில்லை. மூன்றாம் நாள் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. நான்காம் நாள் பேனா விரல்களிலிருந்து நழுவியது. நான் கிளிநொச்சியில் நில அளவைப் படங்கள் வரைபவள். வயது ஐம்பத்தொன்று. தனியாக இருக்கிறேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தபின், கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே பகையென்று கருதித் தாக்கும் நோய்) என்றார் டொக்டர். இரண்டு வாரங்களுக்கு முன் வந்துபோன வயிற்றோட்டம் அதைத் தூண்டியிருக்கலாமாம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று காலையும் மாலையும் கேட்டார். மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று அறியும் வழி அது. எண்ணிக்கை மிகக் குறைந்திருந்த நாளில் பதினொன்று வரைதான் முடிந்தது. ஐந்து நாட்கள் இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது. கால்கள் அசையவில்லை.

இதே நோயோடு கட்டிலில் கிடந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பொறுமையாக இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இருக்கவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

புரட்டாதியில் நடைச்சட்டத்துடன் (நான்கு கால் ஊன்றுசட்டம்) வீட்டுக்கு வந்தேன். வவுனியாவில் இருக்கும் அண்ணன் வான் வண்டியோடு வந்து நின்றார்.

“பிள்ளை, வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோட வா. ஒரு அறை ஒழுங்குபடுத்தி வைச்சிருக்கிறம்.”

“நான் வரேல்லை அண்ணா.”

“தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போக உனக்கு இருபது நிமிசம் வேணும்.”

“பதினாலு. குறிச்சு வைச்சிருக்கிறன்.”

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பொங்கலன்று நான் வீட்டிலிருந்து வாய்க்கால் துருசு (நீரைத் திறந்து மூடும் மதகு) வரை யாரும் பிடிக்காமல் போய்த் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் வவுனியா. இந்தக் குடியேற்றத் திட்டத்தில் எங்கள் வீடு வாய்க்கால் றோட்டில் இருக்கிறது. துருசுக்குத் தூரம் 920 மீற்றர். நோய்க்கு முன் எனக்கு அது பதினொரு நிமிட நடை.

என் தங்கை ஜேர்மனியில், வெந்நீர் ஊற்றுகளால் பெயர்பெற்ற ஒரு சிறிய நகரத்தில், நோயாளர் விடுதியொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். நடை தளர்ந்தவர்கள் மூன்று வாரம் தங்கித் தேறிப் போகிற ஊர் அது. என்னை அங்கே கூப்பிட நினைத்தாள். ஆறு மாதத்துக்கு விமானம் கூடாது என்றார் டொக்டர். “அப்ப ஊரையாவது அனுப்புறன்” என்று உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்கும் வரைபடத்தைத் தபாலில் அனுப்பினாள்.

அதில் பார்க்கவேண்டிய இடங்கள் எட்டு, இலக்கமிடப்பட்டிருந்தன. அளவுத்திட்டமும் இருந்தது. சுற்றி வந்தால் 1,840 மீற்றர். துருசுக்குப் போய்வரும் தூரமும் அதுவே. அந்தத் தற்செயலை நான் விடவில்லை. தங்கை தொலைபேசியில் ஒவ்வொரு இடமாக விளக்க, நகரத்தை வாய்க்கால் றோட்டில் வைத்து வரைந்தேன். பக்கத்துக் காணி லெட்சுமி இடத்துக்கு ஒன்றாக எட்டு மரமுளைகளை அடித்துத் தந்தாள்.

வானொலி ஓயாமல் பாடும் லெட்சுமியின் வீடு இசை மண்டபம். பொதுக் குழாய், ஊற்றுநீர் மண்டபம். ஜேர்மனியில் சனம் நாறும் நீரைக் கண்ணாடிக் குவளையில் மெல்லமெல்லக் குடிக்குமாம். மிளகாய்த் தோட்டம் ரோசாத் தோட்டமானது. பஸ் எப்போது வருமென்று எவருக்கும் தெரியாத தரிப்பிடம், மணிக்கூட்டு நூதனசாலை (அருங்காட்சியகம்). துருசின் மேடை, பார்வைக் கோபுரம்.

மூன்றாவது இடம் உப்புச்சுவர்; அதற்கு றோட்டோர முள்வேலியைக் குறித்தேன். தங்கையின் ஊரில் முட்செடிக் குச்சிகளை இரண்டு மாடி உயரத்துக்கு அடுக்கி, மேலிருந்து உப்புநீரை வடியவிடுவார்கள். அருகில் இருந்து அந்தக் காற்றை இழுத்தால் நெஞ்சுக்கு நல்லதாம்.

லெட்சுமியின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இங்கே வயலில் கமம் செய்தவர்கள். அவள் முளையைப் பிடித்தபடி சிரித்தாள். “முள்ளு வேலிக்குப் பக்கத்துல குந்துறதுக்கு வெள்ளைக்காரங்க டிக்கட் எடுத்து வர்றாங்களா? நம்ம வேலிக்கு மாடுகூட வர மாட்டேங்குதே.”

முதல் வாரம் இசை மண்டபம் மட்டும். மூன்றாம் வாரம் உப்புச்சுவர். அந்த வாரந்தான் பிழைவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கால் மரத்துப்போனால் வாதம் என்போம். வாதத்துக்கு நொச்சியிலை அவித்த வெந்நீரில் கால் வைப்போம். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. நான் கவனமானவள். வாளியில் கையை விட்டுச் சூடு பார்த்தேன். இளஞ்சூடு என்று தோன்றியது. பத்து நிமிடம் காலை வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது இரண்டு பாதங்களிலும் தோல் கொப்பளித்திருந்தது. ஒரு துளி வலி இல்லை.

“கையால சூடு பாத்தனான் டொக்டர்” என்றேன்.

“கை நரம்பும் பழுதாய் இருக்கேக்கை அந்தக் கை எப்பிடி உண்மை சொல்லும்? முழங்கையால பாருங்கோ. இல்லாட்டி வேற ஆளைக்கொண்டு பாருங்கோ. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடியில பாக்கவேணும்.”

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள். புண் ஆற இருபத்துமூன்று நாட்கள் போயின.

பிறகு அவசரப்பட்டேன். நடைச்சட்டத்தை விட்டுப் பொல்லுக்கு (ஊன்றுகோலுக்கு) மாறினேன். மாரி மழையில் கிரவல் றோட்டு வழுக்கியது. ஒவ்வொரு முறையும் நிற்காமல் நடந்து, ஐந்தாம் முளையைத் தாண்டும்போது தொடைகள் நடுங்கித் தரையில் உட்கார்ந்துவிடுவேன். மூன்று முறை லெட்சுமியின் கணவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் முழுவதும் கட்டில்தான். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

தங்கைக்குச் சொன்னேன். “உன்ர ஊரை என்னால சுத்த ஏலாது போல கிடக்கு.”

“எந்த வாங்கில இருந்து எழும்ப ஏலாமப் போகுது?”

“என்ன வாங்கு?”

“அக்கா, படத்தில சின்னச் சின்னக் கறுப்புக் கோடு இருக்கெல்லே. அதெல்லாம் ஆக்கள் இருக்கிற வாங்கு. எங்கட ஆக்கள் நூறு மீற்றர் நடப்பினம், இருப்பினம். பேப்பர் படிப்பினம். திரும்ப நடப்பினம். ஒருதரும் ஒரே மூச்சில சுத்துறேல்லை. நீ என்ன, வாங்கில்லாத ஊரையோ கீறினனி?”

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கோடுகள் இருந்தன. முதல் நாளே கண்டிருந்தேன். நில அளவைப் படத்தில் அசைக்கக்கூடிய பொருட்களை வரைவதில்லை. வீடு, கிணறு, வேலி வரும். கதிரை, வாங்கு வராது. இருபத்தாறு வருடப் பழக்கம் அவற்றைத் தானாகவே நீக்கியிருந்தது. கோடுகளை எண்ணினேன். பதினாறு. இடங்களைவிட இருக்கைகள் இரண்டு மடங்கு.

அடுத்த நாள் திருத்திய படம் வரைந்தேன். லெட்சுமியும் கணவரும் பனங்குற்றி, சீமெந்துக்கல், கால் உடைந்து கட்டிய வாங்கு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். போகும்போதும் வரும்போதும் உட்காரலாம் என்பதால் எட்டுப் போதுமாயிருந்தது.

பொங்கலன்று அண்ணன் வெறும் பெட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார், என் உடுப்புகளுக்கு. 6.20க்கு வாசல் படலையைத் தாண்டினேன். அவர் பின்னால் வந்தார். முதல் குற்றியில் உட்கார்ந்தேன்.

“இதென்ன, இருக்கிறாய்?”

“ஒப்பந்தத்தில இருக்கக்கூடாது எண்டு இல்லை அண்ணா.”

“இது நடையோ, இருப்போ?”

“யாராவது பிடிச்சவையோ? அதைச் சொல்லுங்கோ.”

ஐந்தாம் முளையில் வாய்க்கால்தான் ஜேர்மன் ஊரின் குளிர்நீர்த் தொட்டி. முழங்கால் அளவு நீரில் கொக்கைப்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி நடக்கும் இடம். என் பாதங்களுக்கு டொக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. அண்ணனை வாய்க்காலுக்குள் இறங்கச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டி, முறைத்துக்கொண்டே இறங்கி நடந்தார். லெட்சுமி வரம்பில் நின்று, “ஐயா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, காலைச் சொன்னேன்” என்று கத்தினாள். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துருசு மேடையில் கை வைத்தபோது 7.38. படலைக்குத் திரும்பியபோது 9.14. யாரும் பிடிக்கவில்லை. அண்ணன் வெறும் பெட்டியைத் தூக்கி வானில் வைத்தார்.

“அடுத்த மாசமும் வந்து பாப்பன்.”

“வாங்கோ. வானைச் சந்தியில விட்டிட்டு நடந்து வாங்கோ.”

இன்றும் இடது உள்ளங்காலுக்கு நிலம் தெரியாது. மணலா கிரவலா என்று கண்ணால் பார்த்தே வைக்கிறேன். முன்பு என் உடல் கேட்காமலே எல்லாவற்றையும் அறிவித்தது. இப்போது நான் போய்க் கேட்கவேண்டியிருக்கிறது. சில நாட்களில் பதில் வருவதில்லை.

பதினொரு நிமிடத்தில் போன இடத்துக்கு இப்போது எழுபத்தெட்டு நிமிடம். மிச்ச அறுபத்தேழும் எனக்கு வரமாகக் கிடைத்தவை என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. அவை என்னிடமிருந்து பறிக்கப்பட்டவை. ஆனாலும் அவற்றை என் றோட்டில், என் படலையைப் பார்த்தபடி இருந்து செலவழிக்கிறேன்.