ஒட்டியிருந்த லாச்சி

மொன்றியலில் யூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்களில் பாதிக்குமேல் யூன் முப்பதோடு முடிவதால் ஒரே பகலில் எல்லாரும் ஒரு படியால் இறங்கி இன்னொரு படியால் ஏறுவார்கள். கொண்டுபோக மனமில்லாததை நடைபாதையில் விட்டுவிடுவார்கள். இதை நான் அறிந்தபோது கனடாவுக்கு வந்து நாலு மாதம். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. உள்ளே ஒரு மெத்தை, ஒரு பாய், இரண்டு மடக்குக் கதிரைகள். கணவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். என்னைக் கனடாவுக்குக் கூப்பிடும்வரை நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தவருக்கு அதுவே மாளிகை.

எனக்கும் பெரிய குறையில்லை. ஆனால் யூலை இரண்டாம் தேதி ரொறன்ரோவிலிருந்து அக்கா வருவதாக இருந்தாள். இந்தக் கலியாணத்தில் அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே விருப்பமில்லை. தொலைபேசியில் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஒத்துவராவிட்டால் யோசிக்காமல் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் கதையை முடிப்பாள். அந்தக் குரலில் இருக்கும் இரக்கம்தான் எனக்கு எரிச்சல். அவள் வரும்போது இது ஒரு வீடாகத் தெரிய வேண்டும், குறைந்தது இருந்து சாப்பிட ஒரு மேசையாவது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கடையில் வாங்க வழியில்லை. என்னைக் கூப்பிட்டதிலேயே அவருடைய சேமிப்பெல்லாம் கரைந்திருந்தது.

பக்கத்து வீடுகளில் விசாரித்து விதிமுறைகள் செய்து வைத்திருந்தேன். துணி போர்த்த எதையும் தொடக்கூடாது. மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் பிறகு வீடு அதனுடையது, நாங்கள்தான் விருந்தாளிகள். மரம், இரும்பு, கண்ணாடி மட்டும். அதையும் கவிழ்த்து, பொருத்துகளுக்குள் ரோச் லைற் அடித்துப் பார்த்து, பல்கனியில் வைத்துச் சுடுதண்ணீரால் துடைத்தபிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும்.

முதலாம் தேதி காலை கணவரின் சிநேகிதர், துறைமுகத்தில் லொறி ஓட்டுகிற அண்ணை, தன் வானோடு வந்தார். வீதி வீதியாகச் சுற்றினோம். உண்மையைச் சொன்னால், தளபாடத்தைவிட அதை விட்டுப்போனவர்களை அறியத்தான் எனக்கு ஆசை. ஒரு புத்தக அலுமாரியில் நடுத்தட்டு மட்டும் வளைந்திருந்தது. அப்படி என்ன பாரத்தை அதில் வைத்திருப்பார்கள்? இன்னோரிடத்தில் நாலு கதிரைகளில் ஒன்று மட்டும் இருக்கை தேய்ந்து பளபளத்தது, மற்ற மூன்றும் புதிதுபோல இருந்தன. தனியாக இருந்த ஒருவர் நாலு கதிரை வாங்கியது ஏன்? நான் ஒவ்வொன்றின் முன்னும் குந்தியிருந்து யோசிக்க, கணவர் என்னை சி.ஐ.டி. என்று பகிடி பண்ணினார்.

பின்னேரம் ஒரு வளைந்த இரும்புப் படியின் கீழே அந்த மேசையைக் கண்டோம். வட்டமான, கனத்த மரமேசை. ஒரு பக்கத்தில் இழுத்துத் திறக்கிற சின்ன லாச்சி. ஓரிடத்திலும் பூச்சியரிப்பு இல்லை. அண்ணை இரண்டு முறை ஹோர்ன் அடித்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏற்றிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க மூன்று மாடி தூக்கி, பல்கனியில் வைத்தோம்.

துடைக்கும்போதுதான் லாச்சி ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். உரித்துத் திறந்தேன். கரண்டிகளும் முள்ளுக்கரண்டிகளும் சத்தம் போடாமல் ஒரு துவாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பாதி முடிந்த காய்ச்சல் மருந்துப் போத்தல், குழந்தைகளுக்குக் கொடுப்பது. அதோடு ஒரு குட்டி மருந்துக் கரண்டி.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்றைக்கு எல்லாரும் எல்லாவற்றையும் எறிகிற நாள், யோசிக்காதே என்றார்.

“எறியிற மேசையின்ரை லாச்சியை ஆர் ஒட்டி வைப்பினம்?” என்றேன். “இது எறிஞ்சதில்லை. ஆரோ புது வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினது.”

சொல்லிவிட்டு எனக்கு அழுகை வந்தது. அந்தக் குழந்தையை நினைத்து மட்டும் என்று எழுதினால் பொய். அந்த மேசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. லாச்சிச் சாமான்களை மட்டும் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வந்தால் என்ன என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. அவர் மேசையையும் படிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாளைக்கு உன்ரை அக்கா வாறா,” என்றார்.

“தெரியும்.”

மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். அண்ணையும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

நாங்கள் போனபோது ஒரு ஹெயிட்டிப் பெண் இடுப்பில் குழந்தையோடு படியில் நின்றாள். அவள் வீட்டார் எல்லாரும் மேலே குளிர்சாதனப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாங்கள் வந்து மேசையை ஏற்றியிருக்கிறோம். அவள் பிரெஞ்சில் ஏசியது முழுக்க எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அளவு புரிந்தது. மன்னிப்புக் கேட்டு, ‘பார்தோன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முதலில் மருந்துப் போத்தலைத்தான் எடுத்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் கணவர் மேசையை அவளுடைய இரண்டாம் மாடிக்கும் ஏற்றிவிட்டு வந்தார்.

அடுத்தநாள் அக்கா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க அதிகமில்லை. நிலத்தில் பாயை விரித்துச் சோறு போட்டேன். மேசைக் கதையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவரோ கறி பரிமாறிக்கொண்டே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். எனக்குக் காது சுட்டது.

அக்காவின் கை சோற்றில் நின்றுவிட்டது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நான் வந்த புதுசிலை எங்கடை மாடியிலை லிஃப்டுக்குப் பக்கத்திலை ஒரு தொட்டில் நிண்டது,” என்றாள். “எடுத்தனான். பேந்து ஒரு பொம்பிளை அதைத் தேடிக் கதவு கதவாத் தட்டினவ. எங்கடை கதவையும் தட்டினவ. நான் காணேல்லை எண்டு சொன்னனான்.”

என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தத் தொட்டிலில்தான் வளர்ந்தார்கள். அவர் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். அவளும் சாப்பிட்டாள்.

அவள் ரொறன்ரோ திரும்பிய பிறகு, அந்தக் கிழமை தொலைபேசியில் கதைத்து முடியும் நேரம், வழக்கமான அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன்.

“அவர் சாப்பிட்டிட்டாரோ?” என்று கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.