பாசிக்குத் தங்கம் பூசுகிறவள்

கடலில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பாசியைப் பிடித்து வந்து, குளிப்பாட்டி, காயவைத்து, தங்கம் பூசி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் உட்காரவைப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை அலங்காரம் கிடையாது. ஆய்வுக்கூடங்களில் சிக்கி முழிக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

சுரண்டல்

மண்டபம் கடற்கரையில் அப்போதுதான் கரையேற்றிய ஒரு வள்ளத்தின் அடியில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். டயாட்டம் என்கிற ஒற்றைச் செல் பாசி கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும் இடம் அது. பல் விளக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் குப்பியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்துக்காரர் சேவியர் அண்ணன் வந்து நின்றார். "ஆராய்ச்சிக்குண்ணே" என்றேன். அவர் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் நிறைய ஆராய்ச்சி ஒட்டிக்கெடக்கு தாயி. பூராத்தையும் சுரண்டி எடுத்துக்க, சாயங்காலம் பெயிண்டு அடிக்கணும்."

உப்பு

மைக்ராஸ்கோப் இருப்பது மதுரையில். வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் நம் முறை வரும். பாசியை ஆசிட்டில் கொதிக்கவைத்து, அலசி, முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனேன். கண்ணாடியில் இழைத்தது போலப் பாசியின் மேலோடு தெரியும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தால், கட்டம் கட்டமாகப் பாறைகள். அலசியது போதவில்லை. மிஷினை இயக்கும் முருகேசன் சார் சிரிக்கவே இல்லை.

"உப்பு ரொம்ப அருமையா வந்திருக்கும்மா. இதையே ஆராய்ச்சி பண்ணிரலாமே."

தங்கம்

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். அய்யாவுக்கு மிளகாய் விவசாயம். மகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், "பாசிக்குத் தங்கம் பூசுறா" என்பார். பொய்யில்லை. பாசியின் மேல் துளித் தங்கம் படியவைத்தால்தான் மைக்ராஸ்கோப்பில் படம் தெளிவாக விழும். ஆனால் எங்கள் ஊரில் பாசி என்றால் கழுத்தில் போடுகிற மணி. லீவுக்குப் போனபோது சின்னம்மா ஒரு பாசிமாலையையும் கறுத்துப்போன கவரிங் செயினையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். விவரமாக விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏத்தா, கண்ணுக்கே தெரியாததுக்குப் பூசுற. கண்ணு முன்னாடி கெடக்குற இதுக்குப் பூசினா என்ன கொறஞ்சா போயிரும்?"

விசிறி

அடுத்த முறைக்கு உப்பு பேருக்குக்கூட இல்லாமல் அலசிக் காயவைத்தோம். கூட வேலை பார்க்கும் நிஷா அந்தப் பொடியைச் சட்டைப் பொத்தான் அளவுத் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை இல்லாத கரண்ட் சட்டென்று வந்தது. யாரோ அணைக்காமல் விட்டிருந்த விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பொடி போன திசை தெரியவில்லை. தட்டில் ஏற்கெனவே ஒட்டியது மட்டும் தப்பித்தது. நிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ், ஒட்டுனது ஒட்டிக்கிருச்சு. மிச்சம் நம்ம மூக்குக்குள்ளதான் இருக்கு, வேணும்னா நம்மளையும் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்க்கச் சொல்லுவோம்."

குதியாட்டம்

தப்பித்ததை எடுத்துக்கொண்டு இருவருமாக மதுரைக்குப் போனோம். முருகேசன் சார் ஒரு குமிழைத் திருகினார். மங்கலாக இருந்த திரையில் வட்டமாக ஒரு ஓடு எழுந்து வந்தது. இடியாப்பத் தட்டைப் போல வரிசை வரிசையாகத் துளைகள். ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"குதிக்கிறதா இருந்தா வெளியில போய்க் குதிங்கம்மா. இங்கன குதிச்சா படம் ஆடுது."

எங்கள் தொழிலில் சந்தோஷமும் பாசி அளவுதான், நல்லவேளையாக அதைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு மிஷின் இருக்கிறது.