பக்கத்து மனைக் குழி

சோமனூரில் எங்கள் வீதிக்குக் குழாய்த் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். வந்த அன்றைக்கு வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்களையும், தறிக்கொட்டகையை ஒட்டியிருக்கும் சிமெண்ட் தொட்டியையும் என் மனைவி நிரப்பிவிடுவாள். பிறகு போய் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடும் நாடா என்ற ஓடத்துக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டைதான் தார். நான் தறி ஓட்டினேன், அவள் தார் சுற்றினாள். அப்படித்தான் எங்கள் பிழைப்பு நடந்தது.

ஒரு மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்கும் பெண் வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்தாள்.

"புழு நெளியுதுங்கக்கா. கொட்டிப்போட்டு நல்லாத் தேச்சுக் கழுவுங்க. முட்டை பக்கவாட்டுல ஒட்டியிருக்கும்."

"கொட்டிப்போட்டா அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் எதுல சோறாக்கறது அம்மணி?" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஆனாலும் என் மனைவி அவள் சொன்னபடியே செய்தாள். அந்தத் தண்ணீரில் துணி துவைத்து, வாசல் கழுவி, டிரம்மைக் காலி செய்தாள். நாரை வைத்துத் தேய்த்தாள். என்னுடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, ஒவ்வொரு டிரம்மின் வாயையும் தொட்டியின் வாயையும் இறுக்கிக் கட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு முறை தண்ணீர் வரும்போதும் தவறாமல் இந்த வேலை நடந்தது.

கொசு மட்டும் குறையவில்லை. பகலில்தான் கடித்தது. அவள் தார் சுற்றும்போது காலைச் சுற்றி மொய்த்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் மதில்மேல் ஏறிப் பார்த்தேன். பக்கத்து மனையில் பாதி கட்டி நிறுத்திய வீடு ஒன்று இருந்தது. நிலத்தடித் தொட்டிக்காகத் தோண்டிச் சிமெண்ட் பூசிய குழியில் மழைத்தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. மேலாகப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். போன் செய்தேன்.

"அடுத்த வாரம் ஆள் அனுப்பிப்போடறனுங்க," என்றார். மறுபடி கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னார். பேரூராட்சி அலுவலகத்தில், தனியார் இடம், நோட்டீஸ் அனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் தறியின் கழிவு எண்ணெயை ஒரு வாளியில் எடுத்துப் போய் நானே ஊற்றினேன். இரண்டு நாள் மழை பெய்ததும் குழி நிரம்பி வழிந்து எண்ணெயும் போய்விட்டது.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் கால் ஊன்ற முடியவில்லை.

"ஏனுங்க, என்ற கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குதுங்க," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்து, சிக்குன்குனியா என்றார் டாக்டர். காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. மூட்டு வலி விடவில்லை.

"எப்பங்க சரியாகும்?" என்று கேட்டேன்.

"சிலருக்கு ஒரு மாசத்துல போயிருமுங்க. சிலருக்கு வருசக்கணக்குல இருக்கும்."

அவளுக்கு வருசக்கணக்கில்தான் இருக்கிறது. விரல் மடங்குவதில்லை. ஒருமுறை பிடிவாதமாகத் தார் சுற்ற உட்கார்ந்தாள். அறுந்த இழையை முடிபோட முடியாமல் நூல் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தறியை நிறுத்தாமல் ஓட்டினேன். நிறுத்தியிருந்தால் அவள் அழுவது கேட்டிருக்கும்.

போன வருசம் பக்கத்து மனை கைமாறியது. புதிதாக வாங்கியவர் டிராக்டரில் மண் கொண்டுவந்து குழியை மூடினார். அவளைக் கைத்தாங்கலாக அந்த மனையின் முன்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. ஊட்டுக்குப் போலாம், நிக்க முடியல," என்றாள்.

கொசு இப்போதும் இருக்கிறது. எந்த மனையில், யார் வீட்டு மாடியில் என்று நான் தேடிப் போவதில்லை. தண்ணீர் வரும் அன்று நானே டிரம்களைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, துணி கட்டுகிறேன். என்னால் அவளைப்போல இறுக்கிக் கட்ட முடியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம், "இந்தப் பக்கம் தளர்ந்திருக்குதுங்க," என்று சொல்வாள். இப்போது அதுவும் சொல்வதில்லை.