அக்கா தைத்த வலைப்பாவாடை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு சம்பளத் தாளில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் அதிகம் எழுதியதில்லை.

வெள்ளை வலைத்துணியில் தைத்த ஒரு குட்டிப் பாவாடை. இடுப்பில் ரப்பர் நாடா, மூன்று அடுக்கு. கீழே வைத்தால் மடங்காமல் காளான் குடை மாதிரி நிற்கும். சிரம்பான் பக்கம் லோபாக்கில் ஒரு தையல்கடையில் வேலை செய்த என் அக்கா, மிஞ்சிய துண்டுத் துணிகளைச் சேர்த்து என் மகளுக்காக அதைத் தைத்தார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளை 'பாப்பா' என்று கூப்பிடும்போது அவர் குரலே மாறிவிடும்.

பாலே நடனம் கற்றுக்கொடுக்கும் ஒரு சீன ஆசிரியைக்கு அந்தக் கடையில்தான் உடைகள் தைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்காகச் சிரம்பானில் ஒரு ஞாயிறு காலை அவர் நிகழ்ச்சி வைத்தார். அக்காவுக்கு நான்கு டிக்கெட் கொடுத்து, "ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவேன். உங்கள் பாப்பாவையும் ஏற்றுங்கள். கால் வளைந்தால் சனிக்கிழமை வகுப்பில் சும்மாவே சேர்த்துக்கொள்கிறேன்" என்றாராம். அக்கா அதை என்னிடம் நான்கு தடவை சொன்னார்.

மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு நான்கு. என் மனைவிக்கு அன்று ஃபேக்டரியில் வேலை. அக்காவோடு நாங்கள் நால்வரும் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரெம்பாவில் பஸ் ஏறினோம். பாவாடை கசங்கிவிடும் என்று மகள் வழி முழுக்க உட்காரவே இல்லை.

மண்டபத்தில் அக்கா ஆசிரியையைப் பார்க்க முன்னால் போய்விட்டார். வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. எங்கள் தோட்டத்தில் ஆட்டம் என்றால் கோயில் மண்டபத்தில்தான். மேடையில் விளக்கு எரியும், ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் வெறுங்காலோடு இருப்பார்கள். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். பிள்ளைகளின் சப்பாத்துகளைக் கழற்றி, என் சிலிப்பரோடு சேர்த்துச் சுவரோரம் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அத்தனை பேர் காலிலும் சப்பாத்து. திரும்பிப் போக நினைப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா இருட்டில் எதையும் பார்க்கவில்லை.

கால்சட்டையே இல்லாத மாதிரி இறுக்கமான வெள்ளை உடையில் ஓர் ஆண் குதித்து வந்தபோது என் மகன் சத்தமாகவே, "அத்தை, அந்த அங்கிள் சிலுவார் போட மறந்துட்டாரு!" என்றான். அக்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "சும்மா இருடா, மானம் போவுது" என்று அவன் தொடையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் அவன் அவர் மடியிலேயே தூங்கிப்போனான். மகள் மட்டும் அசையவில்லை. மேடையில் ஒரு பெண் கால்விரல் நுனியில் எழுந்தபோது இவளும் நாற்காலியில் இருந்தபடியே குதிகாலைத் தூக்கினாள்.

விளக்கு எரிந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து வரலாம் என்றார்கள். மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"தம்பி, இவன் தூங்குறான்லா. நீயே பாப்பாவ ஏத்தி விடு" என்றார் அக்கா.

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். செம்பனைக் குலை வெட்டுபவனின் கால்கள் அவை. முள் குத்திய தழும்புகள், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் வெந்து வெடித்த குதிகால், கறுத்துப்போன நகங்கள். அந்தக் கால்களோடு அத்தனை பேர் பார்க்க நடுவழியில் நடந்து, படியேறி, விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. வீட்டுக்குப் போலாம்."

"அப்பா, கூப்பிடுறாங்கப்பா" என்று அவள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையை விடாமல் வெளியே கூட்டிவந்துவிட்டேன். அக்கா மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வருவதற்குள் நாங்கள் சப்பாத்து மாட்டியாயிற்று. மகனின் வெறுங்காலையும் என் கையில் இருந்த அவன் சப்பாத்தையும் பார்த்து, வழக்கம்போல எங்கோ உதறிவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார்.

பஸ்ஸில் அக்கா கேட்டார். "பொம்பளப் பிள்ள காலு தெரியுதுன்னுதான வேணாம்னுட்ட?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"மொதல்லயே சொல்லிருந்தா முட்டிக்குக் கீழ வச்சுத் தச்சிருப்பேன்லா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிடக் கண்டிப்பான தகப்பனாக இருந்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு அக்கா என் மகளுக்குக் கணுக்கால் வரை பட்டுப்பாவாடை தைத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்படித்தான். பாலே என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. சொல்ல எனக்குப் பதினெட்டு வருடங்கள் இருந்தன.

நேற்று அக்காவுக்குப் பதினாறாம் நாள் காரியம். வந்தவர்கள் போன பிறகு மகளும் நானும் பாத்திரம் கழுவினோம். அவள் இப்போது செனவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஸ்கூல்ல டான்ஸுக்கு டீச்சர் மூணு வாட்டி கூப்பிட்டாங்கப்பா. நான் பேரே குடுக்கல. 'ஒங்கப்பாவுக்கு ஆட்டம்னா பிடிக்காது, கேட்டு அவன் மனச நோகடிக்காத'ன்னு அத்த சொல்லிட்டாங்க." கொஞ்சம் சிரித்தாள். "அதெல்லாம் பரவால்லப்பா, விடுங்க."

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அக்கா என்னை விட்டுக்கொடுக்காமல்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் சொல்லாத ஒரு பொய்யை எனக்காக அவர் சுமந்தார், என் மகள் அதற்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தாள். அக்காவிடம் இனி எதையும் திருத்த முடியாது. மகளிடம் முடியும். வாயால் சொல்லப் போனால் மறுபடி சன்னலைத்தான் பார்ப்பேன். அதனால் இந்தத் தாளை முதலில் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஆட்டம் பிடிக்கும் அம்மா. அன்று நீ அந்த மேடையில் நிற்பதைப் பார்க்க உன் அத்தையைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

எழுதி முடித்தது, அக்காவின் பதினாறாம் நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.