மைக் செட்காரரின் அலமாரி

"அலமாரிக் கதவ சாத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? உள்ள ஒரு ஜீவன் மூச்சு விடுது!"

அந்த வீட்டில் தினமும் கேட்ட புலம்பல் இது. சொன்னவருக்குக் குரல் போன பிறகும் நிற்கவில்லை என்பதுதான் விசேஷம்.

சொன்னவர் மைக் செட்காரர். பெயர் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கே தெரியாது. முப்பது வருஷம், கல்யாணமோ பள்ளி ஆண்டு விழாவோ, நாலு பேர் கூடிய இடத்தில் முதல் குரல் அவருடையதுதான். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையே வாயைத் திறப்பார்.

தொழில் படுத்ததும் மனுஷன் சும்மா உட்காரவில்லை. பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்க்கை மாட்டி, படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். வீட்டிலிருந்த கேசட், சிடி, மகள் தவழ்ந்தது, விழுந்தது எல்லாம் அதற்குள் போயின. அங்கிருந்து சுவரோரமாக வயர் இழுத்து, ஹால் டிவிக்கு ஒரு சின்னப் பெட்டி, சமையலறையில் கீல் உடைந்த லேப்டாப் என்று இணைத்தார். கையில் ஒரு டேப்லெட். அதில் தொட்டால் எந்த அறையில் வேண்டுமானாலும் ஓடும்.

"இதுக்குப் பேரு சர்வர்" என்றார்.

"மூணு ரூம் வீட்டுக்கு சர்வர் கேக்குதாக்கும்! நீங்க கத்துனா மூணு தெருவுக்குக் கேக்குமே" என்றாள் மனைவி.

அவள் வாய்க்கு அவர் தொண்டை சரியாய்ப் போனது. அந்தத் தொண்டைதான் ஒரு நாள் கம்மியது. உப்புப் போட்ட வெந்நீரில் ஒரு மாதம் கொப்பளித்துப் பார்த்தார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: குரல்வளையையே எடுக்க வேண்டும். பத்தொன்பது நாள் தள்ளித் தேதி கொடுத்தார்.

அழுததெல்லாம் மனைவிதான். அவர் வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய மைக்கை இறக்கி, துடைத்து, மேசைமேல் நட்டார். பத்தொன்பது நாளும் பேசிப் பேசிப் பதிந்தார். தண்ணி வேணும், டீ கெடைக்குமா மேடம், யாரு வாசல்ல, சட்னில உப்பு ஜாஸ்தி. முந்நூற்றுச் சொச்சம். வகை பிரித்து சர்வரில் போட்டதில் 'திட்டு' என்ற பகுதிதான் பெரியது.

"உன்ன கொஞ்சுற மாதிரி ஒண்ணு பதிஞ்சு வைக்கட்டா?"

"வேணாம். யாராவது வந்திருக்கும்போது கை தவறி அமுக்கித் தொலைப்பீங்க."

பதிந்தாரா இல்லையா என்று அவள் அப்புறம் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் வாரம் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மனுஷன் கட்டிலில் வாய் திறக்காமல் கிடப்பார். அவர் குரல் மட்டும் அடுப்புப் பக்கத்திலிருந்து டீ கேட்கும். கரண்டியைக் கீழே போட்டாள். அடுத்த வாரமே, "இப்பதான குடிச்சீங்க" என்று லேப்டாப்பைப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

மழை பிடித்தது அப்போதுதான். பத்து நாள் வெயில் தலை காட்டவில்லை. துணியெல்லாம் நாற்றம். அலமாரிக்குள் அந்தப் பெட்டியின் தலை மட்டும் கதகதவென்று இருப்பதை அவள் பார்த்தாள். அவர் காலையில் பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போனதும் அவருடைய சாக்ஸ், கரித்துணி, துண்டு எல்லாவற்றையும் அதன் மேல் பரப்பி, சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்தினாள். மத்தியானம் அவர் வருவதற்குள் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். துணி அப்பளமாய் நொறுங்கியது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் துணி எடுக்கும்போது உள்ளே 'டிக்... டிக்...' என்றது. தகரத்தில் நகத்தால் சுண்டுகிற மாதிரி. பல்லி என்று நினைத்து விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டினாள். நின்றது.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவர் குரல், "டீ கெடைக்கு..." என்று சொல்லி நின்றது. மறுபடியும் "டீ கெடைக்கு... டீ கெடைக்கு..." கடைசி எழுத்து வரவேயில்லை.

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"டிஸ்க் போற சத்தம்மா அது. அப்பா வேற எங்கயாவது காப்பி வச்சிருக்காரா?"

"ரெண்டு டிஸ்க் மாட்டியிருக்கேன், ஒண்ணு போனா ஒண்ணுன்னு பெருமையடிச்சாரே."

"ரெண்டும் ஒரே பொட்டிலதானம்மா இருக்கு? பொட்டி சூடேறினா ரெண்டும்தான் வேகும்."

அன்றோடு அதன் மேல் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். கதவையும் சாத்தவில்லை. அவரிடம் மட்டும் சொல்லவில்லை. வாய் நீளம்தான், ஆனால் இதற்கு வரவில்லை. நாலு நாள் அந்த 'டிக்... டிக்...' கேட்டுக்கொண்டே சமைத்தாள்.

ஐந்தாம் நாள் அவரே பெட்டியை இழுத்துப் பார்த்தார். பின்பக்கம், காற்று போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு சாக்ஸ். அவருடையதுதான். அதைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்த்தார். டேப்லெட்டில் ஒன்றைத் தொட்டார்.

"அலமாரிக் கதவ சாத்தாதீ..."

டிக். டிக். டிக். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

இன்னொரு முறை தொட்டார். ஒன்றும் வரவில்லை. போய் வயரைப் பிடுங்கினார்.

ரிப்பேர்காரர் வந்து பெட்டியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணு முன்னாடியே செத்திருக்குங்க. இன்னொண்ணு இழுத்துக்கிட்டிருக்கு. இனிமே ஆன் பண்ணாதீங்க. ஒரு தடவதான் சுத்தும், வந்தா வரும், இல்லன்னா மொத்தமும் போச்சு. இதுக்குன்னு இருக்கறவங்க கிட்ட அனுப்புங்க. அவங்களும் கேரண்டி சொல்ல மாட்டாங்க. இவ்வளவு சூடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"என்னாலதான். மேல சாக்ஸ் காயப்போட்டேன்" என்றாள் அவள், கணவர் முகத்தைப் பார்த்து.

எழுதிக் காட்டுவதற்கென்று வைத்திருந்த சிலேட்டை அவர் எடுத்தார். ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டினார்: 'காஞ்சுதா?'

"மொறுமொறுன்னு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எனக்குன்னு ஒண்ணு பதிஞ்சீங்களா?"

அவர் ஒரு விரலைக் காட்டினார். பிறகு அந்த விரலாலேயே பெட்டியைக் காட்டினார்.

அந்த டிஸ்க் இப்போது பஞ்சு சுற்றிய டப்பாவில் மேசைமேல் இருக்கிறது. திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். அதைத் தாண்டி நடக்கும்போது இருவரும் காலை மெதுவாக வைக்கிறார்கள்.

திங்கட்கிழமைக்குள் ஒரு நடை அவரைப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடியில் துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கர் தொங்கும் வீடு. போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவின் முதல் இரண்டு நிமிஷத்தை ஓட்டிப் பாருங்கள். அவர் குரல் இருந்தால் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போங்கள். வெறும் 'ஒன், டூ, த்ரீ' ஆனாலும் பரவாயில்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கத்திப் பேச வேண்டாம். ஹாலில் உட்கார்ந்துவிடாமல், நேராகச் சமையலறைக்குப் போய் அந்த லேப்டாப்பில் ஓட விடுங்கள். அவள் அங்கேதான் இருப்பாள்.