பாதை என்று நான் வரைந்த ஆறு

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரில், மலையேறுபவர்களுக்கு வரைபடம் செய்யும் சிறிய அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை லடாக்கில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பாலைவனம். மேகத்தை மலை மறித்துவிடுவதால் மழை அரிது. நடுவில் சேற்று நிறத்தில் பெரிய ஆறு. பக்க ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய சரளை மேடுகளில் மட்டும் விசிறி விரித்தது போலப் பச்சை. அது பார்லி வயல். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. செய்மதி வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் கோடு பிசகாது.

பிசகியது ஒரே ஓர் இடத்தில். ஒரு பக்கப் பள்ளத்துக்குள் வெள்ளையாக, அகலமாக, பொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு தடம் தெரிந்தது. பாதை என்று வரைந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தாள் வேறென்ன நினைப்பாள்? எங்களுக்கு இருப்பதே ஓர் ஆறு, அதுவும் மாரியில் மட்டும். மற்ற மாதங்களில் நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓடியதே அதற்குள்ளால்தான்.

எங்கள் முதலாளி ஒரு ஜெர்மன் பெண்மணி. என் படத்தை அங்கேயே நடந்து சரிபார்க்க இரண்டு பேருடன் புறப்பட்டார். அன்று காலை வீட்டில் இன்னொரு செய்மதிப் படத்தைத் திறந்தேன். அதே இடம், பிற்பகலில் எடுத்தது. என் பாதை நிறையத் தண்ணீர்! வெயில் ஏற ஏறப் பனி உருகி இறங்குகிறது. எங்கள் ஊர் ஆறு வருவது மாதம் பார்த்து. இது மணி பார்த்து வருகிறது.

கணவரிடம் சொன்னேன்.

"இப்ப வாயைத் திறக்காதையும். வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை, உம்மை நிப்பாட்டிப் போடுவினம். அவ திரும்பி வந்தாப்போல சொல்லும்."

"திரும்பி வந்தால்தானே சொல்லுறதுக்கு! விசர்க்கதை கதையாதேங்கோ."

விமான நிலையத்தில் நின்ற முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன். "பிழை என்னுடையது. அது பாதை இல்லை, ஆறு. மதியத்துக்குப் பிறகு அதற்குள் இறங்க வேண்டாம்," என்றேன். அவர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். போனால் போகட்டும், சொன்னது சொன்னதுதான்.

திரும்பி வந்தவர் என் மேசையில் வரைபடத்தை விரித்தார். நான் வரைந்த பாதைக்கு அருகே பென்சிலால் எழுதியிருந்தார்: "பிற்பகல் மூன்று மணி. கழுத்தளவு தண்ணீர். நாங்கள் மூவரும் கரையில் நின்றோம்."