வேம்படி வரைக்கும் பலகை

எங்கள் வீட்டுக் குசினிக் கதவிலிருந்து பின்வளவு வேம்புக்கு அதிக தூரம் இல்லை. குரலை உயர்த்தாமல் பேசினாலே அங்கே கேட்கும். அந்தத் தூரத்தைக் கடக்க வழியில்லாமல் இவர், என் மனுசன், ஒரு கோடை முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சில்லுக் கதிரை ஒன்றும் கூடவே வந்தது. வீட்டுக்குள் சீமெந்து நிலம், அதில் அது நல்லபிள்ளையாக ஓடியது. குசினிப் படிக்குக் கீழே இறக்கினால் மணல். முன்சில்லு இரண்டும் புதைந்துவிடும். தள்ளுகிற எனக்கும் உட்கார்ந்திருக்கிற இவருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வரும். கோபத்தில் நான் இவருக்குச் சளைத்தவள் இல்லை.

வேம்படி இவருடைய இடம். கடலுக்குப் போன காலத்தில் கிழிந்த வலையைப் பொத்துவது அங்கேதான். பின்னேரமானால் நாலைந்து கூட்டாளிகள் வந்து சேருவார்கள். மண்ணெண்ணெய் விலை, எஞ்சின் பழுது, எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகுகள், யார் வீட்டில் கல்யாணம் என்று பொழுது பட்டுப்போகும்வரை கதைப்பார்கள். கால் எடுத்த பிறகும் அவர்கள் வராமல் விடவில்லை. முதல் இரண்டு நாளும் இவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் வேம்படியில் வைத்தார்கள். மூன்றாம் நாள் இவர் மறுத்துவிட்டார்.

"கோயில் திருநாளுக்கு மாதா சுருவம் தூக்கிற மாதிரி என்னைத் தூக்க வேண்டாம். நான் இஞ்சயே இருக்கிறன். நீங்கள் அங்க இருந்து கதையுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு குசினிக் கதவடியில் கதிரையை வைத்துக்கொண்டு அவர்களுடைய கதையைக் கேட்பார். முதலில் உள்ளே இருந்தே பதில் சொன்னார். போகப்போக அதுவும் குறைந்தது. ஒருநாள் கதவைச் சாத்தச் சொன்னார். வெக்கை என்று காரணம் வேறு. கதவைச் சாத்தினால்தான் வெக்கை என்பது கடற்காற்றில் வளர்ந்த மனிதருக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. கால் போனதைத் தாங்கிக்கொண்ட எனக்கு, அந்தக் கதவைச் சாத்தக் கை வரவில்லை.

கனடாவில் இருக்கிற மகளிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "அம்மா, இஞ்ச எல்லா வீட்டிலயும் பின்னால 'டெக்' எண்டு பலகையில அடிச்சு வச்சிருக்கினம். வீட்டு நிலத்தோட மட்டமா இருக்கும். கதிரை அப்பிடியே உருண்டு போகும்" என்று சொல்லிப் படங்களும் அனுப்பினாள். சீமெந்து போடலாம்தான். ஆனால் எங்கள் பின்வளவில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும். படி உயரத்துக்கு மண் நிரப்பப் போனால் லோட் கணக்கில் கொண்டுவந்து பறிக்க வேண்டும். வேம்பின் வேர் பிறகு அதையும் வெடிக்க வைக்கும். கப்புத் தூண் நட்டு அதன்மேல் பலகை அடித்தால் தண்ணீர் தன்பாட்டில் கீழே நின்றுவிட்டுப் போகும். "எவ்வளவு காசு முடியுமெண்டு கேட்டுச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாள் மகள்.

மதிப்புப் போட நான் கூப்பிட்டது, இவருடைய பழைய மர வள்ளத்தைச் செய்துகொடுத்த ஓடாவியாரை. அரிப்புக் கிராமத்துப் பக்கம் அவருக்கு வீடு. எல்லோரும் பைபர் படகுக்கு மாறிய பிறகு கூரை, கதவு, ஜன்னல் என்று நல்ல ஓட்டமாக இருக்கிறார். அளவு நாடாவும் காதில் பென்சிலுமாக வந்தார். மகள் அனுப்பிய படத்தை இவரும் அவரும் கைத்தொலைபேசியில் பார்த்தார்கள், பிறகு இரண்டு பேருமாகத் தலையைக் குனிந்துகொண்டு திட்டம் போடத் தொடங்கினார்கள். பல மாதத்துக்குப் பிறகு இவருடைய குரல் உரத்துக் கேட்டது. நான் மீன் வெட்டுவதை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

"பலகையை நெருக்கி அடிச்சு, இடையில பஞ்சு திணிச்சு, குங்கிலியம் காய்ச்சி ஊத்தினா ஒரு துளி தண்ணி போகாது அண்ணை" என்றார் ஓடாவியார்.

"கதிரை உருண்டு விழாமச் சுத்திவர ஒரு சாண் உயரத்துக்குப் பலகையும் அடிக்க வேணும். அதின்ர மூலையளையும் நல்லா அடைச்சு விடும்" என்றார் இவர்.

பஞ்சு, குங்கிலியம், எண்ணெய், அதைக் காய்ச்சிப் பூசக் கூலி என்று கணக்கு நீண்டுகொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. மீன் கையோடு வெளியே வந்தேன்.

"மழை பெய்தா அதில விழுற தண்ணி எங்கால போகும்?"

"அதெங்க போறது? நான் அடைச்சா ஒரு சொட்டும் போகாது அக்கா" என்றார் ஓடாவியார், நான் அவருடைய வேலையைச் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொண்டு.

"போகாட்டி நிரம்பும். நிரம்பினா இவர் கதிரையோட மிதப்பார். பிறகு நங்கூரமும் வாங்க வேணும், அதையும் எழுதுங்கோ."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள். ஆயுள் முழுக்கத் தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்தவர்கள், பாவம். தண்ணீர் மேலிருந்தும் வரும் என்ற நினைவே அவர்களுக்கு வரவில்லை. இவர்தான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஓடாவியாருக்குக் கூலி இரட்டிப்பாகக் கொடுத்திருப்பேன்.

பஞ்சும் குங்கிலியமும் வெட்டுப்பட்டன. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, மழையும் மணலும் கீழே இறங்கிப் போக. சுற்றுப்பலகையையும் அடிப்பலகையை விட்டுச் சற்று உயர்த்தச் சொன்னேன். ஆணி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் வாக்குவாதம் இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் கதவுக் கொண்டியே பொருக்குப் பொருக்காக உதிரும். கீழ்ப்பக்கத்தை அடைக்காவிட்டால் ஊர்க் கழுதைகள் வந்து படுக்கும் என்றார் ஓடாவியார். "படுத்தாப் படுக்கட்டும், அதுகளுக்கும் நிழல் தானே" என்றார் இவர். அந்தச் செலவும் குறைந்தது. பலகையை நன்றாகச் சீவி வழுவழுப்பாக்க வேண்டும் என்று நான் ஒன்றைக் கூட்டினேன். மிச்சமிருக்கிற காலில் ஒரு சிராய் ஏறினால் அதுவும் புண்ணாகிவிடும். அதை இவர் முன்னால் சொல்ல மனம் வராமல், பார்வைக்கு அழகாக இருக்கும் என்று சொன்னேன்.

எல்லாம் முடிந்து மரத்தில் வந்து நின்றது. ஓடாவியார் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"எத்தினை வருசம் நிக்க வேணும் அண்ணை? மாம்பலகை எண்டா மலிவு. மூண்டு வருசம் நிக்கும், கவனமாப் பாத்தா நாலு. வைரம் பாஞ்ச பனை எண்டா விலை ரண்டு மடங்குக்கு மேல வரும்."

"மூண்டு வருசம் காணும்" என்றார் இவர்.

கடையில் கால் கிலோ வெங்காயம் போதும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். ஓடாவியார் பென்சிலைத் தாளில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். இவர் இல்லாத வீட்டை நான் அதுவரை ஒருதரம்கூட மனதில் நினைத்துப் பார்த்ததில்லை. இவரோ எனக்குத் தெரியாமல் நினைத்து, அதற்கு வருடக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்.

"அதுக்குப் பிறகு நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நீ எப்ப அங்க வந்து இருந்தனி?"

குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து வேம்படிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், வெறும் கோப்பைகளை எடுத்து வந்திருக்கிறேன். ஒருநாளும் அங்கே உட்கார்ந்து இருந்ததில்லை. இரு என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் அப்படி ஒரு எண்ணம் வந்ததில்லை. அடுப்பில் எப்போதும் ஏதாவது வெந்துகொண்டிருக்கும்.

"இருக்கேல்லைத்தான். இனி இருக்கப் போறன்" என்றேன். "உங்களோடயும் இருப்பன். நீங்கள் கண்ணை மூடினாப் பிறகும் அதில வந்து தனிய இருப்பன். அப்ப பலகை உக்கி நான் விழுந்து இடுப்பை முறிச்சா ஆர் என்னைத் தூக்கிறது? உங்கட கணக்கில நான் இல்லையோ?"

சண்டையாகத்தான் தொடங்கினேன். கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. ஓடாவியார் எழுந்து போய், ஏற்கெனவே அளந்த படியை மறுபடியும் அளந்தார்.

இவர் வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் ஓடாவியாரைக் கூப்பிட்டார்.

"தம்பி, பனை எண்டு எழுதும். அகலமும் இது காணாது. ரண்டு கதிரை போட வேணும்."

"பனை எண்டா உங்கட பேரப்பிள்ளையளின்ர காலம் மட்டும் நிக்கும் அண்ணை."

"பேரப்பிள்ளையள் கனடாவில. இவவுக்குக் காணுமோ எண்டு பாரும். இவவின்ர தாய் தொண்ணூறு வயசு மட்டும் இருந்தவ."

கணக்கு லட்சத்தை நன்றாகவே தாண்டியது. மகளிடம் தொகையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அகலம் ஏன் கூடியது என்றுதான் கேட்டாள். "உன்ர அப்பாவைக் கேள்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியை இவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த நாளே பணம் வந்தது.

மாரிக்கு முன்னால் வேலை முடிந்தது. முதல் நாள் பின்னேரம் யாரும் தள்ளாமல், தன் கையாலேயே சில்லை உருட்டிக்கொண்டு குசினிக் கதவைக் கடந்து வேம்படிக்குப் போனார். கூட்டாளிகள் மணலில் இருந்தபடியே வரவேற்றார்கள், பிறகு ஒவ்வொருவராக மேலே ஏறி ஓரத்தில் இருந்தார்கள். கதை சூடு பிடித்த நேரம் பார்த்து நான் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் இவர் பக்கத்தில் போட்டு இருந்தேன். கதை சட்டென்று நின்றது. ஒருவர் வாயில் வைத்த சுருட்டைக் கையில் மறைத்தார். இன்னொருவர், தேத்தண்ணி கொண்டுவந்தேனாக்கும் என்று என் கையைப் பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. எழுந்து போக முன்கதவில் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

இவர் கையை நீட்டி என் கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இவ இனி இஞ்சதான் இருப்பா" என்றார் அவர்களிடம். "நீங்கள் விட்ட இடத்தில இருந்து கதையுங்கோ."